கடலில் போன வீடு

"ராயபுரத்துல நமக்கு ஒரு வீடு இருந்துச்சாமே?" என்று சின்ன வயதில் எப்போது கேட்டாலும் அத்தைப் பாட்டியிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "அது கடல்ல போச்சுப்பா." அதற்கு மேல் பேச்சு நகராது. அத்தைப் பாட்டி என்றால் என் தாத்தாவின் கடைசித் தங்கை. அந்தத் தலைமுறையில் எங்களுக்கு மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். தொண்ணூறைத் தாண்டிவிட்டார்.

வடசென்னையில் வளர்ந்த யாரும் இந்தப் பதிலைச் சந்தேகப்பட மாட்டார்கள். கடல் அங்கே நிஜமாகவே ஊரைத் தின்றிருக்கிறது. நம் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் துறைமுகச் சுவரைக் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. மெரினா அகலமானது அதனால்தான். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து நின்று, கடல் உள்ளே வந்தது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் எல்லாம் அந்தக் கதைதான். ஆகவே எங்கள் வீட்டையும் கடல் கொண்டது என்று நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தோம்.

மூன்று வருடம் முன்பு பெரியப்பா காலமான பிறகு அவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். செல்லரித்த ஜாதகங்கள், யாருடையது என்றே தெரியாத ஒரு மூக்குக்கண்ணாடி. அடியில் ஒரு கார்ப்பரேஷன் வரி ரசீது, மடிப்பில் கிழிந்த ஒரு முத்திரைத் தாள் பத்திரம். ரசீதில் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் ‘14, பிள்ளையார் கோயில் தெரு’ என்ற விலாசமும் இருந்தன. அவர் துறைமுகத்தில் ஒரு கிடங்குக்குக் கணக்குப்பிள்ளை. அதைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது பூஜ்யம்.

நான் செய்த முதல் காரியம், செல்போனில் பிள்ளையார் கோயில் தெரு என்று போட்டுத் தேடியது. வடசென்னையில் எத்தனை பிள்ளையார் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராயபுரத்துக்குப் பக்கமாக இருந்த ஒன்றைப் பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். 14-ஆம் எண்ணில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. பக்கத்து வீட்டுப் பலகையில் ‘பழைய எண் 31, புதிய எண் 16’ என்று இருந்தது. அப்படியானால் நான் பார்ப்பது புதிய 14. பழைய 14 தெருவின் இன்னொரு கோடியில். அந்தப் பழைய எண்ணுக்கும் முன்னால் இன்னொரு எண் இருந்திருக்கலாம் என்பது அப்போது உறைக்கவில்லை. கதவு எண்ணைப் போல நம்ப முடியாத சாட்சி வேறு இல்லை. வீடு இரண்டானால் மாறும், சந்து அடைபட்டால் மாறும், கார்ப்பரேஷன் நினைத்தால் மொத்தமாக மாறும்.

தெருப் பெயரும் அப்படித்தான். கருப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆனது, பிராட்வே பிரகாசம் சாலை ஆனது, ராபின்சன் பூங்கா அறிஞர் அண்ணா பூங்கா ஆனது. 1970-களின் கடைசியில் தெருப் பெயர்களில் இருந்த சாதிப் பின்னொட்டுகளை எடுத்தார்கள். எடுத்தது சரியான காரியம்தான். ஆனால் பழைய தாள்களில் தேடுகிறவர் இரண்டு வடிவத்தையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இவை போதாதென்று சனங்கள் வாயில் புழங்கும் பெயர் தனி. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார்கள். 1782 பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அது.

அடுத்தது வரைபடம். 1909-இல் வெளியான இம்பீரியல் கெசட்டியர் அட்லஸில் மதராஸ் நகரத்துக்கென்று தனி வரைபடம் உண்டு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய சாலை, ரயில் பாதை, கோயில், குளம் தெரியும். சந்து பொந்தை அதில் தேடக்கூடாது. பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்திப் பார்க்க மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டிலும் மாறாத நாலைந்து இடங்களை நாம் தொட்டுக் காட்டினால், மீதியை அதுவே இழுத்து ஒட்டிவிடும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எனக்குக் கண்ணில் பட்ட ‘மாறாத இடம்’ கடற்கரை! பழைய கரையோரத்தில் இரண்டு புள்ளி, இன்றைய கரையோரத்தில் இரண்டு புள்ளி என்று வைத்துப் பொருத்தினேன். படம் எசகுபிசகாக நகர்ந்து, நான் வீடு இருந்ததாக நினைத்த இடம் மீன்பிடித் துறைமுகத்துத் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. பார்த்தீர்களா, பாட்டி சொன்னது சரிதான் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். சித்தப்பா அழுகிற பொம்மை நாலு போட்டார்.

ஒரு வாரம் கழித்து அலுவலக நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷனும் தள்ளி நிற்கிறதே என்றார். நின்றது. 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. என் படத்தில் அது பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தது. நகர்ந்தது ஸ்டேஷன் அல்ல, நான் அசையாதது என்று நம்பிய கடற்கரை. மறுபடி உட்கார்ந்து, ராயபுரம் ஸ்டேஷன், ராயப்பர் மாதா கோயில், பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக மிஞ்சியிருக்கும் பழைய நகர மதில், பாரிமுனையில் நிற்கும் 1773-ஆம் வருட எல்லைத் தூண் என்று நான்கைப் பிடித்தேன். இந்த முறை கடற்கரைதான் நகர்ந்தது. வீடு தரைக்கு வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் இதை நான் சொல்லவில்லை.

எழும்பூரில் காந்தி இர்வின் சாலையில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். அசைலம் பிரஸ் டைரக்டரி என்று அந்தக் காலத்தில் வருடா வருடம் ஒன்று வரும். வெள்ளைக்காரர், கம்பெனி, பெரிய வியாபாரி, வக்கீல் என்றால் அதில் பிடித்துவிடலாம். கிடங்குக் கணக்குப்பிள்ளைகளை அது கண்டுகொள்ளவில்லை. மூன்று நாள் லீவு போட்டு அதில் உட்கார்ந்தது வீண். முன்னோர் கிறிஸ்தவராக இருந்தால் நிலைமை வேறு. தன் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவில், தாய் தகப்பன் பெயரோடு குடியிருந்த தெருவையும் சேர்த்து ஒரே வரியில் கண்டெடுத்தவரை எனக்குத் தெரியும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது, வீட்டிலேயே இருந்த அந்தக் கிழிந்த பத்திரம்தான். அதை முதலிலேயே படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படிக்க முடியவில்லை, அதுதான் விஷயம். புள்ளியே இல்லாத கூட்டெழுத்து. முதல் வரியில் ‘ஆனந்த௵ தை௴ ௰௨௳’ என்று இருந்தது. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௰௨ என்றால் 12. பணத்துக்கு ௹. இந்த நான்கைந்து குறிகளை மனப்பாடம் செய்தால் பழைய பத்திரத்தில் பாதி வெளிச்சம் வந்துவிடும். தமிழ் வருடப் பெயரில் ஒரு பொறி உண்டு. 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ஆனந்த வருடம் 1854-இலும் வந்தது, 1914-இலும் வந்தது, 1974-இலும் வந்தது. முத்திரைத் தாளில் இருந்த தலையைப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ். 1910-க்கு முன்னால் அவர் ராஜாவே இல்லை. ஆக 1914 ஏப்ரலில் பிறந்த ஆனந்த வருடம், தை மாதம் என்றால் 1915 ஜனவரி.

எம்டன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. நாலு மாதம் கழித்து இந்தப் பத்திரம். ஊரே பயந்து கிளம்பின நேரம், எம்டனால்தான் கொள்ளுத்தாத்தாவுக்குக் கஷ்டம் வந்தது என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார். பத்திரத்தில் ‘குடும்பச் செலவுக்காகவும் முன் கடன் அடைப்பதற்காகவும்’ என்று மட்டும்தான் இருக்கிறது. எம்டன் பெயர் அதில் இல்லை. நான் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

பத்திரத்தின் உயிர் இருப்பது கடைசியில் வரும் சொத்து விவரத்தில். எங்களுடையது இப்படி இருந்தது: ‘பொதுச் சந்துக்கு வடக்கு, ஆச்சாரி மனைக்குத் தெற்கு, தெருவுக்கு மேற்கு, விறகுத்தொட்டி மதிலுக்குக் கிழக்கு. இந்த நான்கு மாலுக்குள்பட்ட மனையும் வீடும்.’ கதவு எண்ணே இல்லை. நான் என்ன புரிந்துகொண்டேன்? வடக்கே சந்து, தெற்கே ஆச்சாரி, மேற்கே தெரு, கிழக்கே விறகுத்தொட்டி. அதாவது தெருவின் கிழக்கு வரிசை, கடல் பக்கம். இரண்டு ஞாயிறு கிழக்கு வரிசையில் சந்து தேடி அலைந்தேன். சந்தே இல்லை.

சந்தேகம் தீர்த்தவர், பத்திரம் எழுதும் ஒரு பெரியவர். டீ வாங்கிக் கொடுத்துத் தாளை நீட்டினேன். படித்தவுடன் சிரித்தார்.

"தம்பி, தெருவுக்கு மேற்குன்னா தெரு மேற்கால இல்ல. நீ தெருவுல நின்னுக்கினு மேற்கால பாரு. அங்க இருக்குது உன் வீடு."

சாதாரணத் தமிழ்தான். சென்னைக்குத் தெற்கு மாமல்லபுரம் என்றால் மாமல்லபுரம் தெற்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? ஆனால் எல்லை விவரம் என்றவுடன் ஒரு படிவத்தை நிரப்புகிற மாதிரி, வடக்கு என்ற சொல்லுக்கு நேரே இருப்பது வடக்கே இருப்பது என்று மூளை எடுத்துக்கொண்டது. இப்போதைய பத்திரங்களில் இரண்டு மாதிரியும் எழுதுகிறார்கள். பழையதில் ‘க்கு’ என்ற உருபைப் பார்க்க வேண்டும். எங்கள் வீடு தெருவின் மேற்கு வரிசையில், தெற்குப் பக்கம் சந்து ஓடும் மூலை மனை, பின்னால் விறகுத்தொட்டி. மொத்தப் படமும் தலைகீழாகப் புரண்டு நேரானது.

அந்தப் பெரியவர்தான் அடுத்த வழியையும் சொன்னார். அப்போது இணையத்தில் கிடைத்த வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்கு அப்புறம் உள்ளதுதான். அதற்கு முந்தியது வேண்டுமானால் பதிவு அலுவலகத்தில் மனு போட்டு, தேடுகிற வருடங்களுக்குக் கட்டணம் கட்டி, புத்தகத்தில் பார்க்க வைக்க வேண்டும். அட்டவணை இரண்டு விதம். முதலாவது ஆள் பெயர்வாரியாக, இரண்டாவது சொத்துவாரியாக. வீடு, மனை பற்றிய பத்திரங்கள் ஒன்றாம் புத்தகத்தில் இருக்கும். அதன் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வாரிசுச் சான்று எதுவும் தேவையில்லை. உயில் அப்படி அல்ல, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோதான் அதன் நகலைக் கேட்கலாம்.

நான் போன அலுவலகத்தில் முதல் இரண்டு தடவை, அந்த வருடப் புத்தகம் பொடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை வேறொருவர் இருந்தார், எடுத்துக் கொடுத்தார். கொள்ளுத்தாத்தாவின் பெயர் ‘ஞான’ என்று தொடங்கும். ஆங்கில அகர வரிசையில் ‘ஜி’ எழுத்தில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. ‘என்’னில் இருந்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் வேறு. ஆனால் பழைய பதிவுகளில் தகப்பன் பெயர், சாதி, தொழில், குடியிருப்பு நான்கையும் எழுதியிருப்பார்கள். ‘துறைமுகக் கிடங்குக் கணக்கு’ என்ற தொழிலைப் பார்த்ததும், இவர்தான் என்று கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது.

இரண்டு பதிவுகள் இருந்தன. 1915-இல் அறுநூறு ரூபாய்க்கு அடமானம், எங்களிடம் இருந்த அதே பத்திரம். 1922-இல் அதே மனை, அடமானம் வாங்கியவர் பெயருக்கே சுத்தக் கிரயம், அதாவது முழு விற்பனை. பாக்கியும் வட்டியும் கிரயத் தொகையில் கழிந்தது என்று எழுதியிருந்தது.

மின்விசிறி சத்தத்துக்கு நடுவில், அந்த மேஜையில்தான் எனக்கு விளங்கியது. கடலில் போகவில்லை. கடனில் போயிருக்கிறது. கடன்ல போச்சு, கடல்ல போச்சு. வாயில் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் நாக்கின் நுனியில்தான் இருக்கிறது.

1922 கிரயத்தில் ஓ.எஸ். எண், ஆர்.எஸ். எண், கலெக்டர் சர்டிபிகேட் எண் மூன்றும் இருந்தன. சென்னைச் சொத்துகளுக்கே உரிய மும்மூர்த்திகள் இவர்கள். ஓ.எஸ். பழைய சர்வே, ஆர்.எஸ். மறு சர்வே. கதவு எண்ணும் தெருப் பெயரும் எப்படி ஆடினாலும், ஆர்.எஸ். எண்ணைப் பிடித்துக்கொண்டால் இன்றைய நகர நில அளவைப் பதிவேடு வரை வந்து சேரலாம். பாகம் பிரிந்திருந்தால் எண்ணுக்குப் பின்னால் பை ஒன்று, பை இரண்டு என்று வால் முளைத்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் மனைக்கு வால் மூன்று.

அந்தத் தெரு, நான் முதலில் போன பிள்ளையார் கோயில் தெருவே அல்ல. இரண்டு தெரு தள்ளி, இப்போது ஒரு தலைவர் பெயரில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்பதற்காகப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். காரணம் இருக்கிறது. முதல் முறை போனபோது கையில் சர்வே வரைபடம், பத்திர நகல், டேப். மூலையில் சந்து இருந்தது! ஒரு ஆட்டோ நுழைகிற அகலம். மூன்று மாடிக் கட்டடத்தின் முன் நின்று போட்டோ எடுத்தேன். படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்தார்.

"இன்னா சார், இன்னா அளக்கறீங்க?"

"எங்க கொள்ளுத்தாத்தா வீடு இங்கதான் இருந்துச்சும்மா."

"பங்கு கேக்க வந்தீங்களா?"

நான் சிரித்தேன். அது தப்பு. அவர் உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார், இரண்டு பையன்கள் இறங்கி வந்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய கிரயம், எந்த உரிமையும் இல்லை என்று நான் விளக்க விளக்க அவர்கள் முகம் இறுகியது. அவர்கள் நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் இறுகியிருப்பேன். இந்த ஊரில் வரைபடத்தோடு வாசலில் நிற்கிறவன் நல்ல சேதி கொண்டுவந்ததாகச் சரித்திரமே இல்லை.

அடுத்த முறை ஒரு தாளும் எடுத்துப் போகவில்லை. மனைவியையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு, முதலில் தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து இஸ்திரி வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். விறகுத்தொட்டி என்று ஒன்று இருந்ததா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. சந்துக்கு உள்ளே, அந்த மூன்று மாடிக்குப் பின்னால் கையைக் காட்டினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே தராசில் சவுக்குக் கட்டை நிறுத்துக் கொடுப்பார்களாம். இப்போது தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். அவரே போய் அந்த அம்மாவிடம் சொன்னார். காபி வந்தது. காபியோடு அவர்கள் கதையும் வந்தது. அந்த வீட்டை அவர் மாமனார் வாங்கி முப்பது வருடம்தான் ஆகிறதாம். கொல்லையில் ஒரு கிணறு இருந்து தூர்த்துவிட்டார்கள் என்றார். பத்திரத்தில் கிணற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காப்பகத்திலும் கிடைத்திருக்காது.

இதையெல்லாம் அத்தைப் பாட்டியிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, "பாட்டி, வீடு கடல்ல போகல. கடன்லதான் போயிருக்கு" என்றேன்.

"தெரியுமே" என்றார். "எங்கம்மா கடன்லன்னுதான் சொல்லும். கடன்னு யாராவது வாயெடுத்தா எங்க அண்ணனுக்கு ரோசம் வந்து சோத்துத் தட்ட தள்ளிட்டு எழுந்து போயிடும். வீட்ட விட்டு எறங்கறப்ப அதுக்குப் பத்து வயசு. அப்புறம் கடல்னே சொல்ல ஆரம்பிச்சிட்டோம்."

பிறகு, பிள்ளையார் அங்கேயே இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார், கோபுரம் வைத்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, ஐம்பது ரூபாய் கொடுத்து, அண்ணன் பேரைச் சொல்லி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரச் சொன்னார். நாளைக்குப் போகிறேன்.